ஆம்பூர் வந்தால் சன்னலை மூடுபவர்கள்

1

ஆம்பூரை ஆகாயத்திலிருந்து பார்க்க விரும்புகிறவர்கள், வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வரும்போது வலப்பக்கச் சன்னலோரம் அமர வேண்டும். பக்கத்துக்கு மூன்று இருக்கைகள் உள்ள விமானமென்றால் அந்த இருக்கையின் எழுத்து எஃப். திரும்பிப் போகும்போது ஊர் இடப்பக்கம் வரும். அப்போது எழுத்து ஏ. இதைத் தவறில்லாமல் எழுதுவதற்கு எனக்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன.

சென்ற மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து அத்தனை ஆண்டுகள் நிறைந்துவிட்டன. முதல் பயணத்தில் சென்னை விமான நிலையத்தில் இருக்கை ஒதுக்கும் பெண், சன்னலோரம் வேண்டுமா என்று கேட்டார். நான் மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன், "காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குது?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடு இருக்கையைக் கொடுத்தார்.

அந்தக் கேள்வியின் நியாயம் வேலூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே வளர்ந்தவர்களுக்கு விளங்கும். எங்கள் பக்கத்தில் பேருந்தில் இடம் பிடிப்பவர் வெயிலைப் பார்ப்பதற்கு முன் காற்றைப் பார்ப்பார். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று மனத்துக்குள் கூட்டிக் கழித்து, வாடை கம்மியாக வரும் பக்கத்தில் உட்காருவார்.

ரயிலில் இந்த நடைமுறை ஒரு சட்டமாகவே இருந்தது. நான் வேலூரில் படித்த காலத்தில் மாலை பாசஞ்சரில் ஊர் திரும்புவேன். தொழிற்சாலைகள் நெருங்கும்போது பெட்டியில் யாராவது ஒருவர், "ஆம்பூர் வருது!" என்று குரல் கொடுப்பார். அடுத்த கணம் சன்னலோரம் இருப்பவர் இரும்பு ஷட்டரை இறக்கியாக வேண்டும். படித்துக்கொண்டிருந்தாலும் தூங்கிக்கொண்டிருந்தாலும் இந்தக் கடமையிலிருந்து விலக்குக் கிடையாது. ஆம்பூர்க்காரர்களாகிய நாங்களும் மற்றவர்களின் வசதிக்காக ஷட்டரை இறக்கிவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து அதே காற்றுக்குள் இறங்கி வீட்டுக்கு நடந்து போவோம்.

என் மனைவி கலைவாணி, ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். வேலூரில் செவிலியர் படிப்பு, அதே பாசஞ்சர். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "ஏங்க, ஆம்பூர் வருது, ஷட்டர எறக்குங்க" என்பதுதான். நான் இறக்கினேன். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவர் இதைச் சொல்லிக்கொண்டும் நான் இறக்கிக்கொண்டும் இருந்தோம். பிறகு இரு வீட்டாரும் கலந்து பேசினார்கள்.

வெளியூர் வாசகர்கள் இதை ஊரைப் பழிப்பதாகக் கொள்ளக் கூடாது. அந்த வாடைதான் என்னைப் படிக்க வைத்தது. அது பாலாற்றுக்கு என்ன செய்தது என்பதையும் நான் அறியாதவனில்லை. இங்கே ஒரு காலணி நிறுவனத்தில், தோல் எந்த ஊரில் எவ்வாறு பதனிடப்பட்டது, அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று சான்றுகளைச் சரிபார்ப்பதே என் உத்தியோகம். இப்போது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்து வாடை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஷட்டரை இறக்கும் பழக்கம் குறைந்ததா என்பதை நான் ஆராய்ந்து பார்த்ததில்லை. இந்த ஆண்டு அதற்கும் விடை கிடைத்தது.

2

எங்கள் மகள் இனியாவுக்குப் பத்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், ஆனால் பாதி வாக்கியத்தில் வினைச்சொல் கிடைக்காமல் நின்று, ஜெர்மன் வினைச்சொல்லை இரவல் வாங்கிக்கொண்டு மீதியைக் கடப்பாள். பெரியவர், சிறியவர் எல்லோரையும் 'நீ' என்றே அழைப்பாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்ப மருத்துவராக இருந்த எண்பது வயதுத் தமிழர் ஒருவரிடம், "நீ ஏன் கை நடுங்குற?" என்று கேட்டாள். அவர் அன்பாகவே பதில் சொன்னார். நாங்கள்தான் மருத்துவரை மாற்றிக்கொண்டோம்.

கோடை விடுமுறை நெருங்கும்போது ஆண்டுதோறும் வரும் கேள்வி இம்முறை ஏப்ரல் மாதத்திலேயே வந்தது.

"ஆம்பூர்ல பாக்க என்ன இருக்கு?"

"உன் அத்தை இருக்காங்க. மாமா இருக்காரு."

"அவங்கள வீடியோல பாக்கறேனே. ஊர்ல பாக்க என்ன இருக்குன்னு கேட்டேன்."

நேர்மையாகச் சொன்னால், நான் சற்றுத் தடுமாறினேன். அவளுடைய தோழிகள் கடலுக்கும் பனிமலைக்கும் போகிறவர்கள். பள்ளியில் விடுமுறை முடிந்ததும் போன இடத்தைப் பற்றிப் படம் வரைந்து பேச வேண்டும். சென்ற ஆண்டு இவள் ஒரு பல்லியை வரைந்தாள்.

இம்முறை இன்னொரு சிக்கலும் இருந்தது. கலைவாணிக்கு மருத்துவமனையில் பத்து நாள் விடுப்புதான். எனக்கு நான்கு வாரம். பத்து நாள் கழித்து அம்மாவுடனேயே திரும்பிவிட்டால் கால்பந்து முகாமில் சேரலாம் என்று இனியா சொன்னாள். அவள் சொன்ன தொனியில் வருத்தம் இல்லை. அதுவே எனக்கு வருத்தமாக இருந்தது. இந்த ஆண்டு நான்கு வாரம் பத்து நாளானால், அடுத்த ஆண்டு பத்து நாள் ஐந்து நாளாகும். பதினாறு வயதில் அவள் ஆம்பூரை நான் விளக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். விளைவுகளை எண்ணிப் பார்ப்பது என் இயல்பு. அன்று எண்ணிப் பார்த்துவிட்டு, எண்ணிப் பார்க்காமல் ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

"மேலேர்ந்து பாத்தா ஆம்பூர் மாதிரி ஒரு ஊரே கெடையாது. ஃப்ளைட்லேர்ந்து காட்டறேன்."

"காட்டலன்னா?"

"காட்டலன்னா நீ அம்மாவோட திரும்பிடலாம். காட்டிட்டா நாலு வாரமும் என்கூட இருக்கணும்."

அவள் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். இந்த நாட்டில் வளரும் குழந்தைக்கு வாய்ச்சொல் போதாது. மூன்று விதிகள் எழுதினோம். மூன்றாவது விதி அவளுடையது: பார்த்தாளா இல்லையா என்பதை அவள்தான் சொல்வாள், நான் சுட்டிக்காட்டி "அதோ" என்பது செல்லாது. நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். கலைவாணி சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் வேற வேலயே இல்ல" என்று எழுந்து போனார்.

3

எதிர்வீட்டில் உர்சுலா என்ற ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை வசிக்கிறார். எழுபது வயதுக்கு மேல். நான் விஷயத்தைச் சொன்னதும், நெடுநாள் எதிர்பார்த்திருந்த அழைப்பு வந்ததைப் போல எழுந்து சென்று ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் குண்டூசிகளையும் கொண்டுவந்தார். ஒரு குண்டூசி வளைகுடா, ஒன்று சென்னை, ஒன்று ஆம்பூர். நூலை இழுத்துக் கட்டியபோது ஆம்பூர் நூலுக்குத் தெற்கே நின்றது. விமானம் கிழக்கு நோக்கி வருகிறது. ஆகவே தெற்கு வலப்பக்கம். பழக்கம் விடாமல் காற்றைப் பற்றியும் கேட்டேன். ஆகாயத்தில் வாடைக்கு இடமில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

அடுத்த இடையூறு பள்ளி. வலப்பக்கத்தில் மூன்று இருக்கைகளும் சேர்ந்தாற்போல் வெள்ளிக்கிழமைக் காலைப் பயணத்தில்தான் இருந்தன. பள்ளியோ வெள்ளிக்கிழமை நண்பகலில்தான் முடிகிறது. இங்கே விடுமுறைக்கு முந்தைய ஒரு நாள் விடுப்புக்கும் விண்ணப்பம் வேண்டும். பொய்க் காரணம் சொல்லிவிட்டு விமான நிலையத்தில் அகப்பட்டுக்கொள்கிற குடும்பங்களும் உண்டு. காரணம் எழுதும் கட்டத்தில் நான் உண்மையை எழுதினேன்: 'விமானத்தின் வலப்பக்கச் சன்னல்.'

தலைமையாசிரியை நேரில் வரச் சொன்னார். நான் ஆரஞ்சுப் பழத்துடன் போனேன். அவர் இருபது நிமிடம் முழுமையாகக் கேட்டார். தம் பணிக்காலத்தில் வந்த காரணங்களிலேயே இதுதான் நேர்மையானது என்று பாராட்டிவிட்டு, அனுமதி மறுத்தார். பழத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நான் தினமும் காலையில் இருக்கை வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ பயணத்தை ரத்து செய்தார்கள். சனிக்கிழமை விமானத்தில் 23 டி, ஈ, எஃப். அலுவலகக் கூட்டத்தின் நடுவே நான் எழுப்பிய ஒலிக்காகப் பின்னர் மன்னிப்புக் கேட்டேன்.

4

இவ்வளவையும் என் அக்கா தேவகியின் கணவர் தாமோதரன் மாமாவிடம் தொலைபேசியில் சொன்னது என் பிழை.

மாமா ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறார். பிறந்த ஊர் குடியாத்தம், நெசவுக் குடும்பம், அவருடைய தம்பி விசைத்தறியில் லுங்கி நெய்கிறார். மாமாவுக்கு எந்தச் சிக்கலும் இரண்டு பொருள்களில் ஒன்றால் தீரும்: தோல் அல்லது லுங்கி.

"மச்சான், கொழந்தைக்கு ஊரு தெரியணும், அவ்ளோதான? மாடில எதுனா பெருசா விரிச்சி உட்டா இன்னா?"

"மாமா, ரொம்ப உயரத்துல போவும். தெரியாது."

"தம்பி தறியில செவப்புக் கட்டம் வந்துனு இருக்குது. வெட்டாத பீஸா, ரோலா அப்டியே எடுத்தாறேன். நம்ம மாடி, பக்கத்து மாடி, அதுக்குப் பக்கத்து மாடி. மூணு மாடிக்கும் சேத்து ஒரே விரிப்பு. அத்தினி பெருசு லுங்கிய எவன் பாத்திருப்பான்?"

பின்னணியில் அக்காவின் குரல் கேட்டது: "பைலட்டு பாத்துட்டு எறக்கிடப் போறான்!"

அந்த விளைவையும் நான் ஒருநாள் யோசித்தேன். உர்சுலாவிடம் கேட்டேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, துணி தெரிய வாய்ப்பில்லை, மணல் ஆறும் மலைகளும் தெரியும் என்றார். இதை மாமாவிடம் சொல்லலாமா என்று ஆலோசித்தேன். அவர் அதற்குள் பக்கத்து வீட்டாரிடம் பேசி, அவர்கள் மாடியிலிருந்த தொலைக்காட்சி டிஷ் குடையை நகர்த்த வைத்திருந்தார். நான் சொல்லவில்லை. விரிப்பைப் பற்றி இனியாவிடம் மாமா தாமே சொன்னார்: "கண்ணு, செவப்பா பெருசா தெரியும். அதான் நம்ம வூடு. மறக்காம பாரு, இன்னா?"

"நீ அங்க நிப்பியா?" என்று கேட்டாள் இனியா.

"நிக்காம? கைய ஆட்டினு நிப்பேன்."

அன்று முதல் அவள் அந்த ஒப்பந்தத்தாளைப் பற்றிக் கேலி பேசுவதை நிறுத்திவிட்டாள். இதை நான் கவனித்தேன். எனக்கு இன்னும் பயமாகியது.

5

சனிக்கிழமை புறப்பட்டு, வளைகுடாவில் விமானம் மாறி, ஞாயிறு காலை எட்டு மணிக்குமேல் நாங்கள் இந்தியாவுக்கு மேலே இருந்தோம். இனியா சன்னலோரம் எஃப்பில். நான் நடுவில். கலைவாணி நடைபாதையை ஒட்டி. வெளியே மேகம் திட்டுத் திட்டாகப் பிரிந்து, நடுநடுவே பழுப்பு நிலம் தெரிந்தது. எல்லாம் ஆரஞ்சில் பார்த்தபடியே நடந்தது.

நான் முந்தைய நாள் முழுதும் கண் மூடவில்லை. ஆவலினால். "நீங்க கொஞ்சம் தூங்குங்க, நான் பாத்துனு எழுப்பறேன்" என்றார் கலைவாணி. ஐந்து நிமிடம் என்று சொல்லிக் கண்ணை மூடினேன். இனியா தன் இருக்கைத் திரையில் விமானத்தின் பாதை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சொன்னதும் வெளியே திரும்ப வேண்டியது, அவ்வளவுதான்.

அப்போது கலைவாணி, எங்கள் இருவரையும் தாண்டி எட்டிப் பார்த்து, மலைகளுக்கு நடுவே வெளுத்த மணலாக வளைந்து போகும் ஆற்றைக் கண்டுபிடித்துவிட்டார். மகிழ்ச்சியில், ஜோலார்பேட்டை வண்டியில் கொடுக்கும் அதே குரலில் கத்தினார்:

"ஏங்க! ஆம்பூர் வருது!"

என் கண் திறக்கவில்லை. கை மட்டும் மகளின் மூக்குக்கு முன்னால் நீண்டு போய், சன்னல் மறைப்பைப் பிடித்து, இரும்பு ஷட்டருக்குக் கொடுக்கிற வேகத்தில் கீழே இறக்கியது.

டப்.

நான் விழித்துக்கொண்டது அந்தச் சத்தத்தில் இல்லை. அதற்கடுத்த சத்தங்களில். முன்வரிசையில் ஒரு டப். பின்வரிசையில் ஒரு டப். அதற்குப் பின்னால் இரண்டு. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறைக்கு வரும் நம் பக்கத்து ஆட்கள் வலப்பக்கம் முழுதும் பரவலாக அமர்ந்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்கு நேர் பின்னால் இருந்த, மேல்விஷாரத்துக்காரர் என்று பிறகு தெரிந்துகொண்ட பெரியவர் மறைப்பை இறக்கியதோடு நில்லாமல், கைக்குட்டையை எடுத்து மூக்கிலும் வைத்துக்கொண்டார்.

ஐந்தாறு பேர் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தொறங்க, தொறங்க!" என்றார் கலைவாணி. நான் இழுத்தேன். நகரவில்லை. அடியில் போய் இறுகிக்கொண்டது. இரண்டு கைகளாலும் இழுத்தேன். பின்னாலிருந்து பெரியவர் எழுந்து வந்து, "தம்பி, கீழேர்ந்து நெம்பணும்" என்று தம் கடைச் சாவியைக் கொடுத்தார். பணிப்பெண் விரைந்து வந்தார்.

"தரையிறங்கப் போறோம், எல்லாரும் சன்னலைத் திறந்து வைங்கன்னு இப்பதானே சொன்னோம்? ஏன் மூடினீங்க?"

பெரியவர் மரியாதையுடன் பதில் சொன்னார்: "ஆம்பூர் வந்துச்சு மேடம். அதான்."

பணிப்பெண் எங்கள் பக்கத்தவர் இல்லை போலிருந்தது. அவருக்கு இந்த விளக்கம் போதவில்லை. அவரும் நானும் பெரியவரும் சேர்ந்து வெகுநேரம் நெம்பி மறைப்பை உயர்த்தியபோது, வெளியே சென்னைப் புறநகரின் நீலத் தண்ணீர்த் தொட்டிகள் வரிசையாக நின்றன.

நான் மெல்ல மகளைப் பார்த்தேன். முகத்தைக் கைகளால் மூடியிருந்தாள், தோள்கள் குலுங்கின. நான் பதறிப்போய் அவள் கைகளை விலக்கினேன். அழவில்லை. சிரித்துச் சிரித்து மூச்சு விட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது பாத்தியா?" என்று கேட்டேன்.

"உன் கைய பாத்தேன்" என்றாள்.

6

வாடகைக் கார் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியபோது மாமா அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டேன்.

"இன்னா கண்ணு, பாத்தியா?"

ஒப்பந்தத்தின் மூன்றாவது விதி என் நினைவுக்கு வந்தது. பார்க்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டால் பத்து நாளில் கிளம்பலாம். கால்பந்து முகாம் உறுதி. நான் வெளியே ஓடும் சுங்கச்சாவடிப் பலகையைப் படிப்பதுபோல் பாவனை செய்தேன்.

இனியா தொலைபேசியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"பாத்தேன் மாமா. சிவப்பா."

"அப்டியா கண்ணு? நல்லா தெரிஞ்சிச்சா?"

"நல்லா. ரொம்பப் பெருசு. நீ கை ஆட்டின."

"ஆமாம்மா... ஆட்டினேன்" என்றார் மாமா. அவர் குரல் ஏதோ போலிருந்தது. நெகிழ்ச்சி என்று நான் கருதினேன்.

இணைப்பைத் துண்டித்த பிறகு நான் எண்ணிப் பார்த்தேன். பொய்யைப் பற்றி மகளிடம் பேசுவது தகப்பனின் கடமை. அதே சமயம், அந்தப் பொய்யால் மிகுந்த லாபம் அடைபவனும் நானே. இத்தகைய நலமுரண் உள்ள கோப்புகளை அலுவலகத்தில் நான் மேலதிகாரிக்கு அனுப்பிவிடுவேன். கலைவாணியைப் பார்த்தேன். அவர் தூங்குவதுபோல் நடித்தார்.

"நீ சொன்னத நான் கணக்குல எடுத்துக்கல" என்றேன் கடைசியில். "நீ பாக்கல. நீ அம்மாவோட போலாம்."

இனியா யோசித்தாள். அவள் ஜெர்மனில் யோசிக்கும்போது உதடு அசையும்.

"நான் போனா மாமாவுக்குத் தெரிஞ்சிடும்ல? பாத்தா இருக்கணும்னு அவருக்கும் தெரியும்ல?"

தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

"அப்ப இருக்கணும்" என்றாள், பல்மருத்துவரிடம் போக ஒப்புக்கொள்ளும் குரலில்.

7

ஆம்பூர் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கண்ட முதல் பொருள், கூடத்தின் மூலையில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் ஆளுயரத்துக்குச் சாத்தி வைத்திருந்த ஒரு சிவப்புக் கட்டத் துணிச்சுருள்.

மாமா அதை மறைத்துக்கொண்டு நின்றார். அக்கா காலணித் தொழிற்சாலையில், காலணியின் மேற்பகுதியான 'அப்பர்' தைக்கும் வரிசைக்குச் சூப்பர்வைசர். எதையும் மறைக்கத் தெரியாதவர்.

"எங்க விரிச்சாரு? நாலு மணிலேர்ந்து ஏழு வரிக்கும் மழ, மாடியெல்லாம் தண்ணி. துணி நனைஞ்சா தம்பி உதைப்பான்னு தொடவே இல்ல. பேஜாரா உக்காந்துனு இருந்தாரு. இப்ப என்னமோ கைய வேற ஆட்னாராம்!"

"நீ சும்மா இரு தேவகி. கொழந்த அவ்ளோ ஆசயா பாத்தேன்னு சொல்லுது. நா இல்லன்னா அது மனசு இன்னா ஆவும்?"

பிறகுதான் மாமாவுக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பினார்.

"ஆமா... நீ இன்னாம்மா பாத்த?"

இனியா அவரையும் சுருளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா ஷட்டர எறக்கிட்டாரு" என்றாள்.

அக்கா அதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார். முழுதும் சொல்லச் சொன்னார். இனியா சொன்னாள்: அம்மா கத்தியது, அப்பாவின் கை, டப், டப், டப், கைக்குட்டை, கடைச் சாவி. வினைச்சொல் கிடைக்காத இடங்களில் நடித்துக் காட்டினாள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேல்விசாரம் ஆளு இன்னா சொன்னாரு? இன்னொரு தபா சொல்லு!" பக்கத்து வீட்டார், தொலைக்காட்சிக் குடையை வீணாக நகர்த்தியவர்கள், நியாயம் கேட்க வந்தார்கள். அவர்களுக்கும் சொன்னாள். மாலையில் எதிர்வீடு. மறுநாள் பிரியாணி வாங்கப் போன கடையில் மாமா அவளைப் பெஞ்சின்மீது நிறுத்திச் சொல்லச் சொன்னார். அங்கே ஒருவர் எழுந்து, "நானா இருந்தாலும் மூடியிருப்பேம்மா" என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரத்துக்குள் அவள் கதைக்கு ஜெர்மன் வினைச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. 'எறக்கு', 'நெம்பு', இழுப்பதற்கு 'இஸ்து' ஆகிய மூன்றும் ஊர் கொடுத்தவை. கதை கேட்க வந்த பெரியவர்களை 'நீங்க' என்று அழைக்கத் தொடங்கியிருந்தாள். மாமாவை இன்னும் 'நீ'தான். அதை மாற்ற வேண்டாம் என்று மாமா எனக்குத் தடை விதித்துவிட்டார்.

ஆயினும் இரு தரப்புப் பொய்களும் வெளிப்பட்டுவிட்டபடியால், ஒப்பந்தப்படி இனியா போகலாம் என்ற நிலை திரும்பவும் வந்தது. ஒன்பதாம் நாள் இதை அவளிடம் முறைப்படி எடுத்துச் சொன்னேன். அம்மாவின் பெட்டி கட்டிலின்மேல் திறந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய சிறிய பெட்டி காலியாக இருந்தது.

"சனிக்கெழம அத்தையோட லைன்ல இருக்குற அக்காங்க வராங்க" என்றாள்.

"அதனால?"

"அவங்களுக்கு நான் இன்னும் சொல்லலயே."

சிறிய பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். மேற்கொண்டு விளக்கம் தரவில்லை. நானும் கேட்கவில்லை, சில விளைவுகளை எண்ணிப் பார்க்காமல் விட்டுவிடலாம் என்று அந்த நொடியில் கற்றுக்கொண்டேன்.

8

கலைவாணியின் விமானம் மறுநாள் காலை பத்து மணிக்கு. போகும்போது ஊர் இடப்பக்கம், எழுத்து ஏ. இதை நான் அவரிடம் மூன்று முறை சொன்னேன். இருக்கைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பும்படியும் கேட்டுக்கொண்டேன். "சரிங்க, சரிங்க" என்று கையை ஆட்டிவிட்டு விடியுமுன்பே காரில் ஏறினார்.

மழை இல்லை. ஒன்பது மணிக்கே சுருளைப் பிரித்தோம். மாமா, அக்கா, பக்கத்து வீட்டார், அதற்குப் பக்கத்து வீட்டார். வெட்டாத லுங்கி மூன்று மாடிகளையும் தாண்டி நான்காவது மாடியில் காய்ந்துகொண்டிருந்த மிளகாய்வரை போயிற்று. காற்றில் எழும்பாமல் இருக்க ஓரங்களில் செங்கல் வைத்தோம். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கீழிருந்து பார்க்கையில், ஊரே ஓர் ஆளாகிக் குளித்துவிட்டுத் துவட்டப் போவது போல் இருந்தது.

பத்தரை மணிக்குச் சற்று முன்பு, வடக்கே வெகு உயரத்தில் ஒரு வெள்ளிப் புள்ளி நகர்ந்தது. அது கலைவாணியின் விமானமா என்று உறுதிசெய்ய வழியில்லை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், இனியா தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறிவிட்டாள். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, ஆம்பூர் முழுவதும் கேட்கும்படி கத்தினாள்:

"யம்மா! ஷட்டர எறக்காத! தொற! தொறந்து பாரு!"

மாமாவும் கத்தினார். பக்கத்து வீட்டாரும் கத்தினார்கள். கீழே தெருவில் சைக்கிளில் போன ஒருவர் என்ன ஏதென்று தெரியாமலே அண்ணாந்து கையை ஆட்டினார்.

மதியம் வளைகுடாவிலிருந்து கலைவாணியின் செய்தி வந்தது. இனியாதான் திறந்து உரக்கப் படித்தாள்: "பாத்தேன்டி. சிவப்பா, பெருசா. மாமா கைய ஆட்டினது கூடத் தெரிஞ்சுது."

மாமா சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நா சொல்லல? எங்க, திருப்பிப் படி கண்ணு."

இனியா படிக்கவில்லை. அந்தச் செய்திக்கு மேலே, காலையில் வந்து நாங்கள் யாரும் திறந்து பார்க்காமல் விட்ட ஒரு படம் இருந்தது. இருக்கைச் சீட்டு. அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என் பக்கம் ஓசையில்லாமல் திருப்பிக் காட்டினாள். பதினான்கு எஃப். வலப்பக்கம்.

நான் வாயைத் திறந்தேன். அவள் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். பிறகு தொலைபேசியை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாமாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவுக்கு நல்லா தெரிஞ்சிச்சாம் மாமா" என்றாள். "அடுத்த வருசம் நானும் அந்தப் பக்கமே உக்காந்து பாக்கறேன். அப்பா மட்டும் தனியா, வேற வரிசையில."